வேண்டாம் என்று சொல்லாத இடங்கள்

"அடுத்தது சன்செற் பாம்ஸ்," என்று வாசித்தார் தியாகராஜா. "கறண்ட் இருக்கு, சுடுதண்ணி இருக்கு, நீந்திக் குளிக்கத் தடாகமும் இருக்காம். எல்லையிலை இருந்து அறுபது மைல்."

"வேண்டாம்," என்றாள் தவநாயகி, கண்ணைத் திறக்காமலே.

"நல்ல இடமெல்லே தவம். உம்மடை நாரி நோவுக்குச் சுடுதண்ணி வேணும்."

"அறுபது மைல் ஆர் நடக்கிறது?"

அவர் பென்சிலால் சன்செற் பாம்சை வெட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவர் கிரிக்கெட் கொமென்ரறி கேட்டுக்கொண்டிருந்தார். தியாகராஜாவின் மடியில் இருந்தது தடித்த ஒரு புத்தகம். அமெரிக்காவில் வீட்டையே வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற சனம் இருக்கிறது. அவர்கள் இரவில் எங்கெங்கே வண்டியை நிறுத்தித் தங்கலாம் என்று சொல்கிற புத்தகம் அது. லொஸ் ஏஞ்சல்சில் இருக்கும் தவநாயகியின் தம்பி மகன் கேதீஸ்வரன் தபாலில் அனுப்பியிருந்தான். பங்குனி மாதம் அவன் அப்படி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, மாமியையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு, அரிசோனாப் பாலைவனத்தில் மெக்சிக்கோ எல்லையை ஒட்டி ஓடுகிற தெருவால் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கேதீஸ் அந்த வண்டியை ஆர்வி என்றான். தியாகராஜா கரவன் என்றார். தவநாயகிக்கு அது வான்.

பங்குனி வரைக்கும் தவநாயகி தாங்கமாட்டாள். டொக்டர் அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் மத்தியானம் இலண்டன் மோர்டனில் உள்ள வீட்டிலிருந்து பஸ் எடுத்து வந்து, போத்தலில் கொண்டுவந்த சூப்பை ஊற்றிக் கொடுத்து, அவள் இரண்டு கரண்டி குடித்ததும் புத்தகத்தை விரித்துவிடுவார். வேறு எதைப் பேசப் போனாலும் பேச்சு பாதியில் நின்றுபோகும். பாலைவனத்தில் எங்கே தங்குவது என்ற பேச்சு நிற்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் சேகர், அவர்களுடைய இளைய மகன். மூத்தவன் யோகலிங்கம் தாய் தகப்பனை எண்பத்தாறில் இலண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். சேகருக்கு விசா கொடுக்கவில்லை. தொண்ணூற்றொன்றில் அவன் கனடாவுக்கென்று ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டான். ஏஜென்சிக்காரன் அவனை நாலைந்து நாடு சுற்றவைத்து மெக்சிக்கோவில் கொண்டுபோய் இறக்கினான். எல்லையோரத்து ஊர் ஒன்றிலிருந்து மோர்டன் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்தான். "நாளைக்கு நடக்கத் தொடங்குறம் அம்மா. அங்காலை போய் எடுக்கிறன்," என்றான். அதற்குப் பிறகு கோல் வரவில்லை.

அவனோடு நடந்தவர்களில் இரண்டு பேர் தட்டுத்தடுமாறி ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் மோர்டனுக்கு எடுத்துப் பேசினான். சேகருக்குக் கால் பிரண்டு போயிற்றாம். ஒரு முள்ளுப் பற்றையடியில் இருந்துகொண்டு, நீங்கள் போங்கோ, நான் அடுத்த ஆக்களோடை பின்னாலை வாறன் என்று சொன்னானாம். தாயும் தகப்பனும் ஒரே ரிசீவரில் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துத்தான் அதைக் கேட்டார்கள். தவநாயகி 'வாறன்' என்பதைப் பிடித்துக்கொண்டாள். தியாகராஜாவின் மனதில் 'இருந்துகொண்டு' என்பது தங்கிவிட்டது.

அன்றையிலிருந்து அந்த வீட்டில் சேகர் இரண்டு விதமாக இருந்தான். அவள் அவனுக்கு உயிர் கொடுத்துப் பேசினாள்; ஏதாவதொரு தோட்டத்தில் பேப்பர் இல்லாமல் ஒளித்து வேலை செய்கிறான் என்றாள். அவர் வருசம் ஒரு தடவையாவது, செத்தவருக்குச் செய்கிற அந்திரட்டியைச் செய்து பிள்ளையின் காரியத்தை ஒப்பேற்றிவிடுவோம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். சொன்னால் ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். சோறு போடுவாள். பேச்சு இருக்காது.

அகதிக் கடதாசியோடு அமெரிக்காப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. போன வருசம் இலையுதிர்காலத்தில்தான் இரண்டு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. அது வந்த அன்றே தவநாயகி கேதீசுக்கு எடுத்து, "மருமோன், எனக்கு அந்த இடத்தை ஒருக்காப் பாக்கவேணும்," என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவன் நல்ல பிள்ளை, சம்மதித்தான். வயிற்றுவலி தொடங்கியது அதற்குப் பிறகு.

தங்குகிற இடங்களைத் தெரிவு செய்கிறபோது அவள் கேட்ட கேள்விகளின் தலையும் வாலும் முதலில் தியாகராஜாவுக்குப் புரியவில்லை. தண்ணீர்க் குழாய் வேலிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இரவு முழுக்க லைற் எரியுமா, எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்? நாய் வளர்க்கிறார்களா, கட்டி வைப்பார்களா? கரவனில் போகிறவன் இதையெல்லாம் கேட்கமாட்டான். நடந்து வருகிறவன் கேட்பான். சேகர் எந்த வெளிச்சத்தைப் பார்த்து வந்திருப்பான், எந்தக் குழாயில் வாய் வைத்திருப்பான் என்பதுதான் அவளுடைய யோசனை. அப்படிப்பட்ட இடத்தில் போய் நின்றால் அவனைக் கண்ட மனிதர் யாராவது இருப்பார்கள். புத்தகத்தில் குழாயும் லைற்றும் நாயும் இல்லாதபடியால் கேதீஸ்தான் அங்கிருந்து ஒவ்வொரு இடமாக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது.

"மாமி, இஞ்சை சனம் கேபிள் ரீவி இருக்கோ எண்டுதான் கேக்கிறது. நாயைக் கட்டுறியளோ எண்டு கேட்ட முதல் ஆள் நான்தானாம்," என்று அவன் ஒருநாள் பகிடி விட்டான். அவள் சிரிக்கவில்லை. "கட்டுறவையாமோ?" என்று திருப்பிக் கேட்டாள்.

இடம் பிடிக்காவிட்டால் உடனே வேண்டாம் என்பாள். பேசாமல் இருந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். அப்படி இருந்தால் தியாகராஜா ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு வைப்பார். ஒரு மாதமாக அவர் போட்ட கோடுகள் மிகக் குறைவு. கேதீஸ் விசாரித்துச் சொன்ன பிறகு அவையும் வெட்டுப்பட்டுப் போயின.

"மெஸ்கீற் வெல்," என்று இப்போது வாசித்தார். "சின்ன இடம், கொஞ்ச வண்டிக்குத்தான் இடமிருக்கு. கறண்ட் இல்லை. தண்ணி இருக்கு. எல்லை மூண்டு மைல்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு கோடு போட்டார்.

"கொப்பர் றோட். இது ஒரு பழைய சுரங்கத்துக்குக் கிட்டவாம். மலை பாக்கலாமாம். எல்லை ஒம்பது மைல்."

அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மலை என்றால் அவளுக்கு ஆகாது. பிரண்ட காலோடு மலையில் ஏற முடியாது என்று இதற்கு முன் இரண்டு இடங்களைத் தள்ளியிருக்கிறாள். இருந்தாலும் கோடு போட்டார்.

"லொஸ்ற் மியூல். தாங்களே பாண் சுட்டு விக்கினமாம்."

மூன்று இடத்துக்குத் தொடர்ந்து வேண்டாம் சொல்லாமல் அவள் இருந்ததே இல்லை. தியாகராஜாவுக்குக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. "இண்டைக்கு உமக்கு எல்லாம் பிடிக்குது போலை," என்றார்.

மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த தாதி திரையை விலக்கினாள். கட்டிலைப் பார்த்தாள். தவநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு அந்தக் கையை மெதுவாகப் போர்வைக்கு மேல் வைத்துவிட்டு, தியாகராஜாவின் தோளைத் தொட்டாள். அவர் விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடினார். அவள் ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னாள், அன்பாகத்தான் சொன்னாள். எந்த இடத்தில் அவள் மூச்சு நின்றது, என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மெஸ்கீற் வெல்லைக் கேட்டாளா? மலையைப் பற்றிச் சொன்னது அவள் காதில் விழுந்ததா? பாண் சுடுகிறவர்கள் வரைக்கும் வந்தாளா?

யோகலிங்கம் கவுன்சில் ஒபிசிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்தான். தாயின் காலடியில் முகத்தை வைத்து அழுதான். தியாகராஜா மகனின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. செருப்பு, சீப்பு, சூப்புப் போத்தல், கம்பளிச் சால்வை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் வெறுங்காலோடு இருக்கவேண்டி வருமே என்று நினைத்து, திரும்பவும் செருப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். யோகலிங்கம் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கேதீசுக்கு எடுத்தார். "மாமி எங்களை விட்டுட்டுப் போட்டா," என்றார். அதே மூச்சில், "மெஸ்கீற் வெல், கொப்பர் றோட், லொஸ்ற் மியூல். இந்த மூண்டையும் விசாரி," என்றார். அங்கே அவன் விம்முவது கேட்டது. விம்மிக்கொண்டே, "ஓம் மாமா, எழுதுறன், சொல்லுங்கோ," என்றான். அவர் மூன்று பெயரையும் ஆறுதலாகத் திரும்பச் சொன்னார்.

அடுத்த நாள் ரெய்னர்ஸ் லேனிலிருந்து தவநாயகியின் தம்பி இராஜேந்திரன், கேதீசின் தகப்பன், வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர். கலியாணமோ செத்தவீடோ அவர் இல்லாமல் நடக்காது, நடந்தால் கோபிப்பார். ஐயருக்குச் சொல்லி, மண்டபத்துக்குச் சொல்லி, சுடலைக்கு நாள் கேட்டு, ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமென்று அறிந்து இலண்டனைத் திட்டி, பிறகு தமிழ்ப் பத்திரிகைக்கு எடுத்து மரண அறிவித்தல் சொல்லத் தொடங்கினார். யோகலிங்கத்தின் மனைவி வதனா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சனத்தின் மரண அறிவித்தலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு உலகப்படம். செத்தவரின் பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு இருக்கும். நாடு இல்லாதவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கும். இரண்டும் இல்லாமல் ஒரு பெயரை யாரும் போடுவதில்லை.

"மூத்த மகன் யோகலிங்கம், லண்டன்," என்று இராஜேந்திரன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு போனார். "மற்றவர் சேகர்." பிறகு நின்றார். அந்தப் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள், எந்த நாடு என்று.

இராஜேந்திரன் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "அத்தான், என்ன போடச் சொல்ல?"

தியாகராஜா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லுறன் எண்டு கோவியாதேங்கோ. இவ்வளவு காலமும் நீங்கள்தானே சொல்லிக்கொண்டு வந்தனீங்கள். அக்காவுக்காகத்தான் நாங்களும் வாயை மூடிக்கொண்டு இருந்தனாங்கள். இனி அக்கா இல்லை. அவன்ரை காரியத்தையும் தாயோடை சேத்து முப்பத்தோராம் நாள் செய்து முடிப்பம். பிள்ளைக்கும் நல்லது."

எல்லாம் அவருடைய சொந்த வார்த்தைகள்தான். ஒரு வரி மாறாமல் இராஜேந்திரன் திருப்பிச் சொன்னார். மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை.

"ஓம்," என்றார் தியாகராஜா. "அப்பிடியே போடு."

இவ்வளவு சுலபமாக அது முடிந்துபோயிற்று. ஆறு வருசம் ஒருத்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் போனதும் 'காலஞ்சென்ற' என்ற அந்தச் சொல் உள்ளே வந்துவிட்டது. அவருக்கு ஒரு ஆறுதலும் தோன்றவில்லை. கோப்பையில் ஆடை படிந்திருந்தது, அதை விரலால் எடுத்து ஓரத்தில் வைத்தார்.

அந்த ஒரு வாரமும் சனம் வந்து போனது. ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறும் சொதியும் புட்டும் கொண்டுவந்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் இடமில்லாமல் வதனா சொதியைப் பின்கதவுப் படியில் குளிருக்குள் வைத்தாள். என்ன வருத்தம், எப்போது பிடித்தது, கடைசியாக என்ன சொன்னா என்று எல்லோரும் ஒரே மாதிரிக் கேட்டார்கள். முதல் இரண்டு கேள்விக்கும் தியாகராஜா ஒழுங்காகப் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, "அறுபது மைல் ஆர் நடக்கிறது எண்டு கேட்டவ," என்றார். கேட்டவர்கள் நோயின் மயக்கத்தில் பினாத்தியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். மனிசன் கல்லாய் இருக்கிறார் என்று குசினி அடுப்படியில் பேசியது அவருக்கும் கேட்டது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செத்தவீட்டன்று காலை மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். தவநாயகிக்குக் கூறைச்சேலை உடுத்தியிருந்தது. யாரோ பவுடரை அள்ளிப் போட்டிருந்தார்கள். தியாகராஜாவுக்கு அதைத் துடைத்துவிட வேண்டும்போல் இருந்தது. ஐயர் வேட்டிக்குள் நீளக் காற்சட்டை போட்டிருந்தார். இலண்டன் குளிர் மந்திரத்துக்குக் கட்டுப்படாது. தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளிக் கடமை செய்யவேண்டும். அறிவித்தலைப் படித்துவிட்டு வந்திருந்த ஐயர் யாரையும் விசாரிக்காமல் யோகலிங்கத்தைக் கூப்பிட்டுத் தர்ப்பையைப் போட்டார். யோகலிங்கம் வெறும் மேலோடு நடுங்கிக்கொண்டு நின்றான்.

கடைசியாக வாய்க்கரிசி. பேரப்பிள்ளைகள் சித்தப்பனைப் பார்த்தறியாத இரண்டு சின்னதுகள். பயந்து பயந்து நாலு மணி போட்டுவிட்டுத் தாயின் சேலைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். தியாகராஜா அரிசியை எடுத்து அவளுடைய உதட்டருகே வைத்தார். உதடு குளிர்ந்திருந்தது. பிறகு உறவுகள் வரிசையில் வந்து போட்டார்கள்.

"வர ஏலாத ஆக்களுக்கும் போடுங்கோ," என்று இராஜேந்திரன் குரல் கொடுத்தார். அதுவும் எங்களுடைய வழக்கமாகிவிட்டது. ஒரு செத்தவீட்டுக்கு எல்லோரும் வந்து சேர்ந்த காலம் போய்விட்டது. வராதவர்களுக்காக வந்தவர்கள் ஒரு பிடி போடுவார்கள். "யாழ்ப்பாணத்திலை சின்னக்காவுக்கு ஒண்டு. எங்கடை கேதீசுக்கு ஒண்டு, அவன் பேப்பர் சரிவராமல் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாமல் நிக்கிறான்."

யோகலிங்கம் சின்னம்மாவுக்கு ஒரு பிடி போட்டான். மச்சான் கேதீசுக்கு ஒரு பிடி போட்டான். பிறகு தட்டில் கையை விட்டு இன்னொரு பிடி அள்ளினான். அள்ளியவன் போடாமல் தகப்பனைப் பார்த்தான்.

"அப்பா," என்றான் மெதுவாக. "தம்பிக்கு?"

காலஞ்சென்றவர்களின் பேரில் யாரும் வாய்க்கரிசி போடுவதில்லை. உயிரோடு இருந்து, வர முடியாமல் போனவர்களுக்குத்தான் அந்தப் பிடி. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். இராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். வாசலில் நின்ற மண்டபத்துக் கறுப்புக் கோட்டுக்காரர் கைமணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த குடும்பத்தின் கார்கள் வெளியே வந்து நின்றுவிட்டன.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தலையை ஆட்டினாலும் போதும். தியாகராஜா மகனுடைய கையைப் பார்த்தார். விரலிடுக்கால் அரிசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்க வேண்டுமென்று அவருக்குத் தெரிந்தது. வாய் யாருடையதோ போல இருந்தது.

அவர் பேசாமல் நின்றதை யோகலிங்கம் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டான். கையில் மிஞ்சியதைத் தட்டில் திரும்பப் போட்டான். பெட்டியை மூடினார்கள்.

சுடலையில் திரை விலகி, பெட்டி உருண்டு உள்ளே போயிற்று. யோகலிங்கம் ஒரு பொத்தானை அழுத்தினான். இராஜேந்திரன் பெரிதாக அழுதார். தியாகராஜா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் முறைக்கு முறை குளித்தார்கள். தியாகராஜா கடைசியாகக் குளித்தார். சுடுதண்ணி முடிந்து பச்சைத்தண்ணிதான் வந்தது, அதற்குக் கீழேயே நின்றார். கதவுக்கு வெளியே தொலைபேசி அடித்தது. இராஜேந்திரன் எடுத்தார்.

"ஓமடா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சனம் நல்ல சனம். அத்தான் இருக்கிறார், குளிக்கிறார். உந்த வான் விசயத்தையும் நிப்பாட்டிவிடு. இனி ஆருக்கு?"

தியாகராஜா துவாயைத் தோளில் போட்டபடி வெளியே வந்தார். "தா இஞ்சை," என்றார்.

"அத்தான், தலையைத் துவட்டிப்போட்டு ஆறுதலாப் பேசலாம்."

"தா."

இராஜேந்திரன் ரிசீவரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"மாமா," என்றான் கேதீஸ். "அண்டைக்கு நீங்கள் சொன்ன மூண்டு இடத்தையும் விசாரிச்சுத்தான் வைச்சிருக்கிறன். ஒண்டும் முடிவாச் சொல்லேல்லை. இப்ப அப்பா சொல்லுறார் நிப்பாட்டச் சொல்லி."

"என்ன சொன்னவை?"

"மாமா?"

"விசாரிச்சனீ எண்டு சொன்னாய். என்ன சொன்னவை எண்டு கேக்கிறன்."

அவன் கொஞ்சம் தடுமாறினான். கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. "கொப்பர் றோட் மலைக்கு மேலையாம். லொஸ்ற் மியூலிலை ரெண்டு நாயாம், அவிட்டுத்தான் விடுறதாம். மெஸ்கீற் வெல்லிலை குழாய் றோட்டுக் கரையிலை, வேலிக்கு வெளியிலை. லைற் விடிய விடிய எரியுமாம். ஒரு கிழவியும் மகளும்தான் நடத்தினம். கனகாலமா அங்கைதான் இருக்கினமாம்." சற்று நிறுத்தினான். "மாமி எதை மாமா தெரிஞ்செடுத்தவ?"

"அவ ஒண்டுக்கும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை," என்றார் தியாகராஜா.

குசினியில் கோப்பை அடுக்குகிற சத்தமும், சோறு காணுமா என்று யாரோ வதனாவைக் கேட்பதும் கேட்டன. தலையிலிருந்து வழிந்த தண்ணீர் ரிசீவரை நனைத்தது. மகன் செத்துவிட்டான் என்று இவ்வளவு காலமும் அவரால் நிம்மதியாகச் சொல்ல முடிந்தது, இல்லை என்று மறுக்க அவள் இருந்தபடியால்தான். இனி அதைச் சொல்ல ஆளில்லை.

"கேதீஸ்."

"ஓம் மாமா."

"அந்தக் குழாயடியிலை, றோட்டுப் பக்கமா, ஒரு மரம் நிக்குதோ எண்டு கேக்கவேணும்."

"என்ன மரம்?"

"என்ன மரமெண்டாலும் பறவாயில்லை. நிழல் இருக்கவேணும். கால் ஏலாத ஒராள் கொஞ்ச நேரம் சாஞ்சு இருக்க."

இராஜேந்திரன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இப்ப அங்கை விடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டார் தியாகராஜா.

"ஓம் மாமா, காலமை. கடை திறந்திருப்பினம்."

"அப்ப இப்பவே கேட்டுச் சொல்லு. இரண்டு இரவு தங்கலாமோ எண்டும் கேள்."

ரிசீவரை வைத்தார். குசினியிலிருந்து யோகலிங்கம் வந்தான். விளக்குமாற்றில் கட்டின துணிபோல முகம் துவண்டிருந்தது. தூரத்துச் சனம் வீட்டுக்குப் போக வெளிக்கிடுகிறது, மினிகாப் வாடகைக் காருக்கு எடுக்கவேணும் என்று சொல்லிக்கொண்டே தொலைபேசிக்குக் கையை நீட்டினான்.

தியாகராஜா தன் கையை அதற்கு மேல் வைத்தார்.

"இப்ப எடுக்காதை," என்றார். "ஒரு கோல் வரும்."

யோகலிங்கம் தகப்பனைப் பார்த்தான், பிறகு மாமனைப் பார்த்தான். மூன்று பேரும் நடையில் அப்படியே நின்றார்கள். தியாகராஜாவின் தலையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.